தறிக்குழி மேல் ஆயில் இன்ஜின்

கிராங்க் ஷாஃப்ட் உடைந்தபோது பெரிய சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. கிணற்று மேட்டில் ஆயில் இன்ஜின் வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தது. நான் சம்பங்கிப் பாத்தியில் மடை திருப்பிக்கொண்டிருந்தேன். 'டங்'கென்று ஓர் அடி. அவ்வளவுதான். வாய்க்காலில் வந்த தண்ணீர் என் காலடியை எட்டுவதற்குள் இளைத்துப்போய் நின்றுவிட்டது. மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். இன்ஜினின் இரண்டு சக்கரங்களில் ஒன்று ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. என் கணவர் அதற்கு எதிரே இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனிதர் சந்தோஷமாக இருந்தார்.

"கிராங்க் பூட்ச்சு போல கீதுமே," என்றார். "பிரிச்சாத்தான் தெரியும்."

அந்த இன்ஜினைப் பிரிக்க ஒரு சாக்கு கிடைக்காதா என்று வாங்கிய நாளிலிருந்தே அவர் காத்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும்.

அவர் மெக்கானிக் இல்லை. நெசவாளர். திருத்தணியில் மலையடிவாரத்துக்குச் சற்றுத் தள்ளி, பள்ளிப்பட்டு போகிற ரோட்டில் எங்கள் வீடு. முன்னறையில் குழித்தறி. தரையில் தோண்டிய குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து மிதித்து நெய்கிற தறி அது. அவர் நெய்வார், நான் தார் சுற்றுவேன். சேலைக்குக் குறுக்கே ஓடுகிற நூலை ராட்டையில் சுற்றிச் சின்னக் குழல்களில் ஏற்றித் தருவதுதான் தார் சுற்றுவது. கல்யாணமாகி வந்த கையோடு என்னை அந்த ராட்டை முன்னால் உட்கார வைத்துவிட்டார்கள். நூல் அறுந்துகொண்டே இருக்கும். அறுந்த முனை சிட்டம் என்கிற நூல் கற்றைக்குள் போய் ஒளிந்துகொள்ளும். அதைத் தேடி எடுத்து, முடிச்சுப் போட்டு, மறுபடியும் சுற்ற வேண்டும். பஞ்சுத் தூசு தொண்டையில் ஒட்டிக்கொண்டு இருமல் நிற்காது. வலது தோள்பட்டை தூக்கத்திலும் வலிக்கும். எனக்கு அந்த ராட்டையைக் கண்டாலே ஆகாது. இதை நாசூக்காகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

தப்பித்துக்கொள்ள நான் கண்டுபிடித்த வழிதான் சம்பங்கி. அவர் பாகத்துக்கு வந்த துண்டு நிலத்தில் மழையை நம்பி வேர்க்கடலை போட்டு வந்தார்கள். கிணறு இருந்தது, கரண்டு இல்லை. இது எழுபதுகளின் நடுவில். கரண்டுக்கு எழுதிப்போட்டவர்கள் எல்லோரும் காத்துக்கொண்டுதான் இருந்தார்கள். நான் கெஞ்சி, சண்டை போட்டு, பேசாமல் இருந்து, கடைசியில் சாப்பிடாமலும் இருந்து பார்த்து, ஒரு பழைய ஆயில் இன்ஜினை வாங்க வைத்தேன். சம்பங்கிக் கிழங்கு நட்டேன். ஆடிக் கிருத்திகைக்கு எங்கள் மலைக்குப் பூக்காவடி வருகிற கூட்டத்துக்கு எவ்வளவு பூ இருந்தாலும் போதாது. அந்த ஒரு கிருத்திகையில் என் பூ நின்று காட்டினால் போதும் என்று நினைத்தேன்.

அவரும் அதையே நிபந்தனையாக வைத்தார். "இந்த ஆடிக் கிருத்திகை வரிக்கும் பாப்போம். பூ வந்திச்சுன்னா தோட்டம் உன்னுது. தார் சுத்த வேற ஆள் பாத்துக்கலாம். வரலன்னா நெலத்தக் குத்தகைக்கு வுட்டுட்டு நீ ராட்டைக்கு வந்துடணும்."

சரி என்றேன். கிராங்க் உடைந்தது வைகாசியில். செடிகளில் அப்போதுதான் பூந்தண்டு நீளத் தொடங்கியிருந்தது.

"மெக்கானிக்கைக் கூட்டியாங்க," என்றேன்.

"மெக்கானிக் இன்னாத்துக்கு? தறி அடிக்கிறவனுக்கு இது ஒரு வேலையா? அதுவும் சுத்தறதுதான், இதுவும் சுத்தறதுதான்."

இந்தப் பதிலில் என்ன நியாயம் இருக்கிறது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

இன்ஜினைக் கழற்றி மாட்டுவண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். கொல்லையில் இறக்குவார் என்று நினைத்தேன். அவர் நேராக முன்னறைக்குக் கொண்டுபோனார். தறியில் அரக்கு நிறச் சேலை ஒன்று பாதி நெய்தபடி நின்றது. நீளவாக்கில் ஓடுகிற பாவு நூலைச் சுருட்டி உத்தரத்தில் தூக்கிக் கட்டினார். குழியின் குறுக்கே இரண்டு கனமான பலகைகளைப் போட்டு, அதன்மேல் இன்ஜினை உட்கார வைத்தார். பிறகு பழக்கப்பட்டவர் போலக் குழிக்குள் இறங்கி அடியில் கையை விட்டார்.

"பாத்தியா? ஊர்ல எந்த மெக்கானிக்காவது கீழ உக்காந்துகினு வேல செய்வானா? முதுகு குனியவே தேவையில்ல."

அடுத்த நிமிஷம் அடைப்பான் ஒன்றைத் திருக, இன்ஜினில் இருந்த கறுப்பு எண்ணெய் முழுவதும் அவர் மடியில் கொட்டியது. அங்கிருந்து குழிக்குள் போனது. பரம்பரையாக நெய்த குழி. அன்றிலிருந்து அந்த வீட்டில் சோறும் டீசல், குழம்பும் டீசல், தலையணையும் டீசல்.

அதோடு விட்டாரா என்றால் இல்லை. நட்டு, போல்ட்டு, வாஷர் எல்லாம் கலந்துவிடக் கூடாதாம். என் அஞ்சறைப் பெட்டியில் இருந்த கடுகையும் சீரகத்தையும் ஒரு காகிதத்தில் கொட்டிவிட்டு, ஒவ்வோர் அறையிலும் ஒவ்வொரு சைஸ் நட்டைப் போட்டு வைத்தார். பிஸ்டனை மண்ணெண்ணெயில் ஊறவைக்க என் இட்லிக் குண்டான். வால்வு தேய்க்க என் அம்மிக்குப் பக்கத்துத் தரை. நான் கத்தினால், "கழுவினா பூடும்மே," என்பார். கழுவிப் பார்த்தவள் நான். போகாது.

உள்ளே சக்கரங்களைச் சுழற்றுகிற கிராங்க் தண்டு இரண்டாக முறிந்திருந்தது. கை முறிந்தது போல் சுத்தமான முறிவு. அதை எடுத்துத் துடைத்து, வீட்டுக்கு வந்தவர் போனவர் எல்லோருக்கும் காட்டினார். ஒவ்வொருவரும் கையில் வாங்கி எடை பார்த்து, உச்சுக் கொட்டிவிட்டு, காபி குடித்துவிட்டுப் போனார்கள்.

இதற்கு நடுவில் என் செடிகள் வெயிலில் நின்றுகொண்டிருந்தன. விடிந்ததும் நான் கயிற்றையும் வாளியையும் எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போவேன். இறைத்து, குடத்தில் ஊற்றி, இடுப்பில் வைத்துக்கொண்டு போய் வேர் வேராக ஊற்றுவேன். தோட்டம் முழுவதும் ஊற்ற என்னால் ஆகாது. ஆகவே கிணற்றுக்குப் பக்கத்தில் இருந்த பாத்திகளை மட்டும் காப்பாற்றுவதென்று முடிவு செய்தேன். மற்றவை கண்ணெதிரே பழுத்தன. தண்டு பாதியில் நின்று, மொட்டு விரியாமல் தவிட்டு நிறமானது. எதைப் பிழைக்க வைப்பது, எதைக் கைவிடுவது என்று பாத்தி பாத்தியாக நின்று நான் தீர்மானம் செய்ய வேண்டியிருந்தது. அந்தக் கோபம் எனக்குக் கிராங்க் மேலே இல்லை.

இந்த நேரத்தில் அரக்கோணத்திலிருந்து பாவா வந்தார். அவர் என் கணவருடைய அக்காவின் வீட்டுக்காரர். என் கணவர் பாவா என்று கூப்பிடக் கூப்பிட, ஊரே அவரைப் பாவா என்றது. ரயில்வேயில் வேலை. ரயில்வே என்றதும் எங்கள் பக்கத்துச் சொந்தக்காரர்களுக்கு அவர் ரயிலையே செய்கிறவர் என்ற நினைப்பு. அவர் வேலை பார்த்தது சரக்குக் கிடங்கில். மூட்டைகளுக்கு அடையாளம் போடுவார். இன்ஜினைத் தூரத்தில் இருந்து பார்த்திருக்கிறார் என்பது உண்மை.

பாவா கட்டிலில் சாய்ந்துகொண்டு முறிந்த துண்டுகளை வாங்கிப் பார்த்தார். "வெல்டிங் வெச்சா போதும். எங்காளுங்க ரயிலுக்கே வெல்டிங்தான் வெக்கிறாங்க," என்றார்.

"ஓடற சாமானுக்கு வெல்டிங் நிக்குமாண்ணா?" என்று நான் கேட்டேன். அவர் எனக்கு அண்ணன் முறை.

"பொம்பளைங்களுக்கு இதெல்லாம் சொன்னா புரியாதும்மா."

அரக்கோணத்தில் வெல்டிங் வைத்து, கடைசல் பட்டறையில் தேய்த்து, ஒரு வாரம் கழித்துக் கொண்டுவந்தார்கள். பலகை மேலேயே மாட்டிக் கையால் சுற்றிப் பார்த்தார்கள். சுற்றிக்கொண்டிருக்கும்போதே அதே இடத்தில் மறுபடியும் முறிந்தது. பாவா எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டார். "இரும்பு சரியில்ல," என்று சொல்லிவிட்டு ரயிலைப் பிடிக்கப் போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் புது கிராங்க் வாங்குவது என்ற ஞானம் பிறந்தது. அது மெட்ராஸில்தான் கிடைக்குமாம். தனியாக அனுப்பினால் இந்த மனிதர் எதையாவது பார்த்து மயங்கி வேறொரு இன்ஜினையே வாங்கிக்கொண்டு வந்துவிடுவார் என்று நானும் கூடப் போனேன். மூர் மார்க்கெட் பக்கம், பாரிமுனைப் பக்கம் என்று நாள் முழுக்க அலைந்தோம். கடைக்காரர் ஒருவர் முறிந்த துண்டுகளை அளந்து பார்த்து, அதே அளவில் எண்ணெய் மினுக்கும் புது கிராங்க் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். என் கணவர் அதைக் கையில் வாங்கிய விதத்தைப் பார்த்து அந்தக் கடைக்காரரே சிரித்துவிட்டார்.

திரும்பும்போது பாசஞ்சர் வண்டியில் நல்ல கூட்டம். கிராங்கில் கீறல் விழக் கூடாதென்று என் பழைய சேலை ஒன்றில் அதைச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டிருந்தார். மணவூரில் எக்ஸ்பிரஸ் வண்டிக்கு வழிவிட நிறுத்திவிட்டார்கள். காற்றே இல்லை. எதிரே இருந்த அம்மாள் வெகுநேரம் பார்த்துவிட்டு, "கொயந்தைக்கு மூஞ்சிய மூடாதப்பா, புழுக்கமா கீது," என்றாள். அவர் சேலையைக் கொஞ்சம் விலக்கிக் காட்டினார். பெட்டி முழுவதும் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. வந்ததே என்று எரிச்சலாகவும் இருந்தது.

வீட்டுக்கு வந்து அவர் செய்த முதல் வேலையைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்னால் நடந்தது எல்லாம் அதிலிருந்து வந்தது. கிராங்குக்குள்ளே எண்ணெய் போய்வர நடுவில் துளை உண்டு. அந்தத் துளை வழியாகத்தான் பேரிங்குக்கு எண்ணெய் கிடைக்கும். நெய்கிற வீட்டில் பஞ்சுத் தூசு எங்கேயும் இருக்கும். துளைக்குள் தூசு போகக் கூடாதென்று அவர் ஒவ்வொரு வாயிலும் நூலைச் சுருட்டித் திணித்து அடைத்தார். நூலுக்கு எங்கே போவது? என் ராட்டைக்குப் பக்கத்தில் நான் சுற்றி வைத்திருந்த அரக்குத் தார் ஒன்றை உருவினார். "மெக்கானிக்குங்களுக்கு இந்த அக்கறை வருமா?" என்று பெருமை வேறு.

அன்றைக்கே அவருடைய அக்கா, பாவாவின் மனைவி, வந்து இறங்கினார். நான் அவரை வதினா என்று கூப்பிடுவேன். வதினாவுக்குத் தம்பி மேல் உயிர். என் சம்பங்கி மேல் அவ்வளவாகக் கிடையாது. பெண் பிள்ளைக்குத் தோட்டம் எதற்கு என்பது அவர் கட்சி. கிராங்கை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "பழசு ஏன் ஒடஞ்சது? கண்ணு பட்டுச்சு. ஒருக்கா ஒட்டவெச்சும் நிக்கல பாரு. இத மலைக்கு எட்த்துகினு போயி சாமிகிட்ட வெச்சு எட்த்தாராம இன்ஜின்ல மாட்டாத," என்றார்.

"ஆங், அதுவும் சரிதாங்கா," என்றார் இவர்.

எனக்கு ஒவ்வொரு நாள் தாமதமும் காய்ந்துபோகிற ஒரு பாத்தி. அதை அவர்களிடம் எப்படிச் சொல்வது?

கிராங்கைத் தோளில் வைத்துக்கொண்டு அவர் மலைப் படி ஏறினார். நானும் வதினாவும் பின்னால். எதிரே இறங்கி வந்தவர்கள் ஏதோ வேண்டுதல், ஏதோ புது மாதிரிக் காவடி என்று நினைத்து ஒதுங்கி வழிவிட்டார்கள். யாரோ அரோகரா என்று குரல் கொடுக்க, பத்துப் பேர் திருப்பிச் சொன்னார்கள். இவர் முதுகை நிமிர்த்திக்கொண்டார். சன்னதியில் அதை வைத்து எடுத்து, மாலை போட்டு, எங்கள் மலைச் சந்தனத்தைக் கை நிறைய வாங்கிக்கொண்டு இறங்கினோம்.

வீட்டில் வதினா உட்கார்ந்து, ஆயுத பூஜைக்குத் தறிக்கு வைப்பது போல, கிராங்குக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார். அள்ளி அள்ளி வைத்தார். அதில் எங்கெல்லாம் வழவழவென்று உருண்டையாக இருந்ததோ அங்கெல்லாம் ஒரு பொட்டு. துளை அடைத்த இடம் கொஞ்சம் பள்ளமாக இருந்ததால் பொட்டு அங்கே நன்றாக உட்கார்ந்தது. மறுநாளைக்குள் எல்லாம் காய்ந்து கெட்டியாகிவிட்டது.

"மாட்டறதுக்கு முன்னால இதையெல்லாம் துடைச்சிடுங்க," என்று நான் சொன்னேன்.

வதினா என்னை நிமிர்ந்து பார்த்தார். "சாமி சந்தனத்த யாராச்சும் தொடப்பாங்களா? எண்ணெயில கரஞ்சி தானா பூடும்."

"நூலெல்லாம் எடுத்துட்டீங்களா?" என்று அவரைக் கேட்டேன்.

"எல்லாம் எட்த்துட்டேன், போமே." கண்ணில் பட்டதை எடுத்திருந்தார். பொட்டுக்குக் கீழே இருந்ததை எடுக்கவில்லை. அது அப்போது யாருக்கும் தெரியாது.

பேரிங்கைப் போட்டு, பிஸ்டனை இறக்கி, ஹெட்டை மாட்டி, என் அஞ்சறைப் பெட்டி காலியாகிற வரைக்கும் முடுக்கினார். காலியாகும்போது ஒரு வாஷர் மீந்தது. "அது ஒண்ணும் இல்ல," என்றார். மறுபடியும் வண்டி, மறுபடியும் கிணற்று மேடு. கிருத்திகை நெருங்கிவிட்டது. பாவாவும் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். பழைய சம்பவம் எதுவும் நடக்காதது போல இன்ஜினுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, வேகம் பிடித்ததும் தட்டிவிட வேண்டிய சின்ன லீவரைத் தட்டுவது தன் பொறுப்பு என்றார். என் கணவர் ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினார். வேகம் பிடித்ததும் பாவா லீவரைத் தட்டினார். ஒரு இருமல், கறுப்புப் புகை, பிறகு இன்ஜின் ஓடியது.

அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இவ்வளவு திட்டியும் அதை நான் மறைக்கவில்லை. குழாயிலிருந்து தண்ணீர் குதித்து வாய்க்காலில் ஓடியது. நான் மண்வெட்டியோடு முன்னால் ஓடினேன். ஒரு மடை, அடுத்த மடை. காய்ந்த மண் தண்ணீரை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. மேட்டில் பாவா என் கணவரிடம், "நான் சொன்னேன் பாத்தியா," என்று சொல்லிக்கொண்டிருந்தார். எதைச் சொன்னார் என்று கேட்க எனக்கு நேரமில்லை.

தூரத்துப் பாத்திக்குத் தண்ணீர் திரும்புவதற்குள் சத்தம் மாறியது. டுபு டுபு என்று இருந்தது டொக்கு டொக்கு என்று இடித்தது. தீய்ந்த எண்ணெய் நாற்றம் வந்தது. நான் "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று கத்திக்கொண்டே ஓடினேன். அவர்கள் நிறுத்துவதற்கு முன் அதுவாகவே இறுகி நின்றுவிட்டது. சக்கரத்தை இரண்டு ஆண்கள் சேர்ந்து தள்ளியும் அசையவில்லை.

பாவா டீசலில் தண்ணீர் கலந்திருக்கும் என்றார். வதினா இன்ஜினைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"வூட்டுக்குத் தூரமா இருக்கசொல்ல நீ இதத் தொட்டியா?"

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் உடம்பெல்லாம் கொதித்தது. மாதவிலக்கில் தீண்டியதால் இன்ஜின் நின்றுவிட்டதாம். மண்ணெண்ணெயில் குளித்த இட்லிக் குண்டான் இல்லை. முறிந்த வெல்டிங் இல்லை. மீந்த வாஷர் இல்லை. நான். என் கணவர் ஏதாவது சொல்வார் என்று திரும்பிப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த வெயிலில், அந்தக் கிணற்று மேட்டில், பூவும் போய் ராட்டையும் வந்து இந்தப் பழியும் என் தலையில் உட்காரப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"பிரிங்க," என்றேன்.

"சூடா கீதுமே."

"ஆறட்டும். ஆனா இங்கயே பிரிங்க. எல்லாரும் இருக்கும்போதே பிரிங்க. வீட்டுக்கு எடுத்துட்டுப் போகக் கூடாது."

ஆறியதும் என் கணவர் பக்கவாட்டு மூடியைத் திறந்து, உள்ளே கையை விட்டு, பேரிங்கைக் கழற்றினார். பேரிங் உருகி வழிந்திருந்தது. கிராங்கின் நடுப்பகுதி கருநீலமாகக் கறுத்திருந்தது. "எண்ணெயே வரல," என்று அவர் மெதுவாகச் சொன்னார். "ஏன் வரலன்னு தெரியல."

நான் எட்டிப் பார்த்தேன். எண்ணெய் வர வேண்டிய துளையின் வாயில் கறுத்துப்போன ஒரு பொருக்கு ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினேன். கறுப்புக்குக் கீழே மஞ்சள். தீய்ந்தும் சந்தன வாசனை போகவில்லை. கொண்டையிலிருந்து ஊசியை உருவித் துளைக்குள் விட்டேன். மெத்தென்று ஏதோ தட்டியது. அது என்னவென்று என் விரலுக்கு உடனே தெரிந்துவிட்டது. இத்தனை வருஷம் ராட்டை முன்னால் உட்கார்ந்து நான் கற்ற ஒரே வேலை அறுந்த நூலின் முனையைக் கண்டுபிடிப்பது. ஊசியைத் திருப்பி முனையைப் பிடித்தேன். பதமாக இழுத்தேன். வந்தது. இழுக்க இழுக்க வந்தது. எண்ணெயில்லாத துளையிலிருந்து அரக்கு நிற நூல், நான் சுற்றிய நூல், முழம் முழமாக வெளியே வந்தது.

அதை அவர் உள்ளங்கையில் வைத்தேன். சொல்ல வேண்டியதெல்லாம் அங்கேயே இருந்தது.

பாவா கிணற்றுக்குள் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கப் போனார். வதினா நூலைப் பார்த்தார், சந்தனத்தைப் பார்த்தார். அவர் ஒரு நிமிஷம் வாயடைத்துப்போவார் என்று நான் எதிர்பார்த்தேன். எவ்வளவு பேதைமை.

"நல்லவேள, மலைச் சந்தனம் இருந்துச்சு," என்றார். "இல்லாங்காட்டி இன்ஜின் வெடிச்சிருக்கும். சாமிதான் நிறுத்தி வெச்சுது."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். நிஜமாகவே அடித்துக்கொண்டேன். கையில் இருந்த கரி நெற்றியில் ஒட்டிக்கொண்டது. தூரம், தீட்டு என்று சொன்னதைப் பற்றி அன்றைக்கும் பேச்சில்லை, பிறகு என்றைக்கும் பேச்சில்லை. அந்தச் சொல் எனக்குள் இன்னும் கிடக்கிறது. வதினா போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன, அதை யாரிடம் திருப்பிக் கொடுப்பது?

"சரி, போனது போச்சு," என்றார் வதினா முந்தானையை உதறிக்கொண்டு. "கிருத்திகையும் வந்துச்சு. பேசினபடி நெலத்தக் குத்தகைக்கு வுட்டுடு. அவ வந்து தார் சுத்தட்டும்."

என் கணவர் கையில் இருந்த நூலையே பார்த்துக்கொண்டிருந்தார். அதை விரலில் சுற்றினார், அவிழ்த்தார், மறுபடியும் சுற்றினார். இந்த மனிதர் தன் அக்காவுக்கு எதிராக ஒரு வாக்கியம் பேசி நான் கேட்டதில்லை.

"வாணாங்கா," என்றார். "தார் நானே சுத்திக்கிறேன்."

மன்னிப்பு இல்லை, விளக்கம் இல்லை. அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அது போதவில்லை. ஆனால் சந்தோஷமாக இருந்தது. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நான் பாத்திப் பக்கம் போய்விட்டேன்.

கிருத்திகைக்குப் பூத்தது இன்ஜின் நனைத்த பாத்திகள் இல்லை. அவற்றுக்குத் தண்ணீர் காலம் கடந்து வந்தது. நான் வாளியால் இறைத்து ஊற்றிய பாத்திகள்தான் பூத்தன. ஒரே ஒரு கூடை. அடிவாரத்தில் காவடி கட்டிக்கொண்டிருந்தவர் ஒரு பூவை எடுத்துக் கசக்கிப் பார்த்து, "பூ கெட்டியா கீது, இன்னும் இருந்தா எட்த்துகினு வாம்மா," என்றார். இன்னும் இல்லை. இருந்திருக்கும். நான் அவருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு என் பூ காவடியில் ஏறி மலைப்படியில் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புது பேரிங் போட்டு அந்த இன்ஜின் பிறகு பல வருஷம் ஓடியது. இந்த முறை மாட்டியது அரக்கோணத்து மெக்கானிக். குழி மேல் இருந்த பலகையை எடுத்துவிட்டு, பாவு நூலை இறக்கி, அவர் மறுபடியும் நெய்ய உட்கார்ந்தார். அந்த அரக்குச் சேலையில் கடைசிவரை டீசல் வாசனை வந்தது. அதை யார் கட்டினார்களோ, பாவம்.

சொன்னபடியே தாரும் அவரேதான் சுற்றினார். ராட்டை முன்னால் அவர் உட்கார்ந்த முதல் நாள், நான் வாசலில் கூடையை வைத்துக்கொண்டு பூவைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தேன். உள்ளே ராட்டை கொஞ்சம் ஓடும், நிற்கும். கொஞ்சம் ஓடும், நிற்கும். முணுமுணுப்பும் இருமலும் கேட்டன. வெகுநேரம் நின்றே இருந்தது. பிறகு அவர் குரல் வந்தது.

"இந்தாமே, நூல் அறுந்துச்சு. முனை எங்க பூட்ச்சுன்னே தெரில. வந்து ஒருக்கா எட்த்துக் குடேன்."

நான் எழுந்திருக்கவில்லை.

"கிராங்குக்குள்ள போட்டு வெச்சிருப்பீங்க, தேடிப் பாருங்க," என்றேன்.

நான் இன்னொரு கை பூவை எடுத்து மடியில் போட்டுக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து ராட்டை மறுபடியும் ஓடத் தொடங்கியது.